செவ்வாய்க்கிழமை மீன்

போன வாரம் குளுகுளு அறையில் ஒரு நாடகப் பயிற்சி வகுப்பு. "பார்க்கிறவர்களும் எழுந்து வந்து நடிக்கலாம், இது புது முறை" என்றார் நடத்திய பெண். புதுசாம்! எழுபதுகளில் தருவைகுளம் தாண்டி ஒரு கடற்கரை ஊரில் இதே முறையில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

கல்லூரியில் நாங்கள் ஐந்து பேர். அடுத்த பரீட்சைக்குள் சமுதாயத்தை மாற்றிவிடுவதாகத் திட்டம். ஆயுதம், ஒரு தெரு நாடகமும் சிகரெட் பெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை மீன்களும். அந்த மைதாப் பசை நாற்றத்துக்கு நிஜ மீனே தேவலை. ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ஊரே எங்களிடம் சிக்கியது.

அங்கே மீன் ஏலம் விடுகிறவர், ஒவ்வொரு குவியலிலும் பெரிய மீனை "கோயிலுக்கு" என்று எடுத்துக்கொள்வார். கோயிலுக்கு உரியது வெள்ளிக்கிழமை மீன் மட்டும். இவர் தினமும் எடுத்தார். தட்டிக்கேட்டால் மறுநாள் அந்த வீட்டு மீனை ஏலம் போடமாட்டார்; வெயிலில் நாறும்.

நான்தான் ஏலக்காரர் வேடம். கர்ஜித்து ஒரு அட்டைச் சீலா மீனைப் பிடுங்கினேன். நாடகத்தை நிறுத்தி, "நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?" என்றோம். எல்லோர் பார்வையும் ஒரே பக்கம் போனது. அங்கே நிஜ ஏலக்காரர் பங்குச் சாமியாருக்குப் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிற ஒருவரின் மனைவி லூர்தம்மா எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தாள். "ஏலே, இப்படிக் கத்துனா எவ மீன் குடுப்பா? எங்க ஏலக்கார அண்ணாச்சி தேனாட்டம்லா பேசுவாரு! அண்ணாச்சி, நீங்களே வந்து காட்டிக் குடுங்க. இவனுக்கு ஒரு எழவும் தெரியல."

அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னைக்குச் செவ்வாக்கிழமைன்னு வச்சுக்கிடுங்க" என்றபடி லூர்தம்மா அட்டை மீன்களைப் பரப்பினாள்.

என்ன குரல்! நானே இரண்டு மீன் வாங்கியிருப்பேன். கை மட்டும் தன்பாட்டுக்கு நீண்டு பெரிய சீலாவைத் தூக்கியது. "இது கோயிலுக்கு, ஏளா."

சாமியார் எழுந்துவிட்டார். "கோயிலுக்கு வாரது வெள்ளிக்கிழமை மீன்லா? செவ்வாக்கிழமை மீன நான் கண்ணால பாத்ததே இல்லியே!"

கரையே சிரித்தது. அண்ணாச்சி அட்டை மீனோடேயே வீட்டுக்கு நடந்தார். எங்கள் புரட்சிப் பாட்டு பாக்கி, கேட்க ஆளில்லை.

லூர்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்கு எம் மீனப் போடுவாரா?" என்றாள். மேதைகள் ஐவருக்கும் அது தோன்றவேயில்லை.

மறுநாள் பயந்துகொண்டே போனோம். அவள் குவியலை மட்டும் அவர் தாண்டித் தாண்டிப் போனார். வெயில் ஏறியது, ஈ மொய்த்தது. வாங்க வந்த பெண்கள் கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்தார்கள். "லூர்தம்மா மீனப் போடும் அண்ணாச்சி, பெறவு மத்தது கேக்கோம். நேத்து எங்களுக்கு நடிக்க வாய்க்கல, இன்னைக்கு நடிக்கோம்."

போட்டார். கை நீளவில்லை.

இப்போது அந்தக் கரையில் ஏலக்குரல் இல்லை. மீன் ஐஸ் பெட்டியில் ஏறுகிறது. விலை கைப்பேசியில் வருகிறது, சொல்கிறவன் எந்த ஊர்க்காரனோ. இப்போதும் கைக்கு வரும் காசு குறைகிறது என்கிறார்கள். நாடகம் போடலாம்தான். ஆனால், "நீங்களே வந்து காட்டிக் குடுங்க அண்ணாச்சி" என்று யாரைக் கூப்பிட?