பழவேற்காட்டின் இரண்டு வில்லெம்கள்

ஆறடிக்கு மேல் வளர்ந்த ஓர் உலாந்தாக்காரரை மீன்வலையில் படுக்க வைத்து, வலையின் இரு முனைகளையும் ஒரு நீளத் துடுப்பில் கட்டி, நாலு பேர் தோளில் தூக்கித் தொட்டிலாக ஆட்டியதை நான் பார்த்திருக்கிறேன். பட்டப்பகலில், பழவேற்காட்டுக் கோட்டையை ஒட்டிய கோட்டைக்குப்பத்துக் கரையில், குப்பமே கூடி நின்று சிரிக்க அது நடந்தது. கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்ட இந்தக் காலத்தில் யாரிடமாவது இதைச் சொன்னால், கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கோட்டை உலாந்தாக்காரர்களிடம், அதாவது டச்சுக்காரர்களின் வியாபாரக் கும்பெனியிடம், இருந்தபோது நான் அங்கே துபாஷி. அவர்கள் பேச்சைத் தமிழிலும், தமிழை அவர்கள் பேச்சிலும் மாற்றிச் சொல்வது என் பிழைப்பு. அங்கே வில்லெம் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். அது போதாதென்று இருவருடைய தகப்பன் பெயரும் யாக்கோபு. அவர்களுக்குள் எளியவர்கள் தகப்பன் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்வார்கள், நம்மைப் போலவே. ஆகவே இருவருமே ‘யாக்கோபின் மகன் வில்லெம்’. உறவா என்றால் இல்லை, ஒரே ஊரா என்றால் அதுவும் இல்லை. குப்பத்து மீனவர்கள் இந்தச் சிக்கலை ஒரே நாளில் தீர்த்துவிட்டார்கள். பீரங்கி சுடும் பெரியவர் வெடி துரை, நெசவூர்களுக்குப் போய்த் துணியின் தரம் பார்க்கும் இளையவர் துணி துரை.

வெடி துரையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் குளிர்கிறது. இத்தனை பெரிய சத்தத்தைக் கையில் வைத்திருந்த மனிதர், சத்தத்துக்குப் பயப்படுகிறவர்கள்மேல் அத்தனை கரிசனமாக இருந்தார். கப்பலுக்கு மரியாதைக் குண்டு போட வேண்டிய நாளில் விடிந்ததும் கோட்டைக்குப்பத்துக்கு நடந்து வருவார். தெருத்தெருவாக நின்று, தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொற்களையும் ஒன்றாகக் கொட்டி, “இன்னிக்கு வெடி! புள்ள புடி! நாய் புடி!” என்று கத்திவிட்டுப் போவார். தாய்மார்கள் குழந்தைகளின் காதைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள். துணி துரை வேறு மாதிரி. வெயிலில் மூக்குத் தோல் உரிந்த, அம்மா செல்லம். ஒரே பிள்ளை. ஊருக்குப் போகும் ஒவ்வொரு கப்பலிலும் அம்மாவுக்குக் கடிதம் போட்டுவிடுவார்.

ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு வெடி துரை காய்ச்சலில் இறந்துபோனார். கோட்டைக்கு அப்போதுதான் புதிதாக வந்திருந்த எழுத்தர், இறந்தது யார் என்று என்னைக் கேட்டார். செத்துப்போன பெரிய மனிதரைப் பட்டப்பெயரால் சொல்வதா? மரியாதையாக, “யாக்கோபின் மகன் வில்லெம்” என்றேன். நான் செய்த தப்பு அந்த மரியாதைதான். எழுத்தர் பேரேட்டைத் திறந்து, முதலில் கண்ணில் பட்ட வில்லெமின் ஊரையும் தாயின் பெயரையும் பார்த்து இறந்தவர்கள் பட்டியலில் எழுதினார். பட்டியல் முத்திரை வைக்கப்பட்டு, கரைக்கு அப்பால் நங்கூரம் போட்டிருந்த கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று மதியமே துணி துரை நெசவூர்களிலிருந்து திரும்பினார். அவருடைய பெட்டி அறையில் இல்லை. கிடங்குக்காரரிடம் போய்க் கேட்டார். கிடங்குக்காரர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, “நீர் இறந்துவிட்டீர். பெட்டியைத் தர மேலிடத்து உத்தரவு வேண்டும்” என்று கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது. துணி துரைக்கு வரவில்லை. முகம் வெளுத்துவிட்டது. “துபாஷி, என் அம்மா...” என்றவர் அப்படியே கரையை நோக்கி ஓட ஆரம்பித்தார். அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தால் அந்த அம்மாள் தாங்கமாட்டாள் என்பது எனக்கும் உறைத்தது. காற்று திரும்பியதும் கப்பல் பாய் விரித்துவிடும். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கோட்டைக்குப்பத்தில் நாட்டார் படகைத் தள்ளத் தயாராகத்தான் இருந்தார். குப்பத்துக்குத் தலைவர் அவர். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவசரம் புரியட்டும் என்று நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லித் தொலைத்தேன். நாட்டார் படகிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“இன்னா துபாஷி, செத்தவன்னு எழுதிட்டவர என் படகுல ஏத்தச் சொல்றியா?”

“அதான் உசிரோட நிக்கிறாரே நாட்டாரே!”

“நிக்கிறாரு, இல்லேன்னு சொல்லல. என் மச்சான் புயல்ல போயி, கருமாதி முடிஞ்சப்புறம் திரும்பி வந்தான். அவனயே தொட்டில்ல போட்டு, பேர் வச்சி, மறுபடி பொறந்த புள்ளயாக்கித்தான் கடல்ல எறக்கினோம். தொரைக்கு வேற ஞாயமா?”

சுற்றி நின்ற பெண்களுக்கு ஒரே சந்தோஷம். “செத்ததா சேதி வந்தா ஆயுசு கெட்டி தொரை!” என்று ஆளாளுக்கு வாழ்த்தினார்கள். நாட்டார் மட்டும் அசையவில்லை. துணி துரை என் கையைப் பிடித்துக்கொண்டு, இவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டார். “பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் நீங்கள் பிறக்கப்போகிறீர்கள்” என்றேன்.

நான் முதலில் சொன்ன தொட்டில் அப்படி வந்ததுதான். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றி, வலையில் படுக்க வைத்தார்கள். கால்கள் இரண்டும் முழங்காலிலிருந்து வெளியே தொங்கின. தூக்கிய நாலு பேரும் பாரம் தாங்காமல் முனகினார்கள். நாட்டாரின் மனைவி வெல்லத் தண்ணீரை விரலில் தொட்டு அவர் நாக்கில் வைத்தாள். பிறந்த பிள்ளை அழ வேண்டுமே என்று யாரோ கிள்ளப் போனார்கள். தேவைப்படவில்லை. அம்மாவை நினைத்து அவர் முன்பே அழுதுகொண்டிருந்தார். நாட்டாரின் மனைவி அவர் காதருகே குனிந்து, “எல்லப்பா, எல்லப்பா, எல்லப்பா” என்று மூன்று முறை கூப்பிட்டாள். கூட்டத்திலிருந்து நாலு எல்லப்பன்கள், “இன்னாம்மா?” என்று ஒரே குரலில் கேட்டார்கள்.

“அடப் பாவமே, இங்கேயுமா!” என்று நான் தலையில் அடித்துக்கொண்டதை மொழிபெயர்த்துச் சொன்னபோதுதான் துணி துரை அழுகையை நிறுத்திச் சிரித்தார். அதற்குள் நாட்டார் படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்.

கப்பலைப் பிடித்துவிட்டோம். வழியெல்லாம் நான் வாந்தி எடுத்தேன், அது போகட்டும். கப்பல் தலைவர் நல்ல மனிதர்தான், ஆனால் முத்திரை வைத்த காகிதக் கட்டை நடுக்கடலில் உடைக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். “கடிதம் வேண்டுமானால் எழுதிக் கொடும். செய்தி கும்பெனி ஆள் மூலம் போகும், கடிதம் என் ஆள் மூலம் போகும். எது முந்தும் என்று நான் சொல்ல முடியாது” என்றார். துணி துரை மேல்தளத்தில் மண்டியிட்டு எழுதினார். உயிரோடிருக்கிறேன், இறந்தது என் பெயர் கொண்ட இன்னொருவர், அழாதே அம்மா. எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான்.

பதில் வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதுவரை அவர் ஒழுங்காகச் சாப்பிட்டதாகவே எனக்கு ஞாபகம் இல்லை. அம்மாவின் கையெழுத்தைப் பார்த்ததும் நடுமுற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எனக்காக வாய்விட்டுப் படித்தார். சாவுச் செய்தி காலையில் வந்ததாம். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு அன்று பகலும் இரவும் அழுதாளாம். மகன் கடிதம் மறுநாள் வந்ததாம். உன்னைத் திட்ட வேண்டும், நேரில் வா, திட்டுகிறேன் என்று எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி. இறந்துபோன அந்த வில்லெமுக்காக அழ யாராவது இருக்கிறார்களா?

இருவரும் எழுத்தர் அறைக்குப் போய்ப் பேரேட்டைப் பார்த்தோம். வெடி துரையின் வரியில் உறவினர் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. இத்தனை வருஷம் பழகியும் நான் அதை ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

துணி துரை கடிதத்தின் மிச்சத்தைப் படித்தார். “யாரும் இல்லை என்றால், நான் அழுத அந்த ஒரு நாளை அவருக்கே கொடுத்துவிடு. எனக்குத் திருப்பித் தர வேண்டாம்.”

படித்து முடித்ததும் எழுத்தரின் இறகுப் பேனாவை எடுத்து, வெடி துரையின் வரியில் இருந்த அந்த வெற்றிடத்தில் தன் தாயின் பெயரை எழுதினார். எழுத்தர் பதறிப்போனார். “என்ன காரியம் செய்கிறீர்! ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயர், இப்போது தாயும் ஒன்றா? பின்னால் பார்க்கிறவர்கள் இரண்டு பேரையும் ஒரே ஆள் என்று நினைத்துவிடுவார்களே!”

“அண்ணன் தம்பி என்று நினைக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, துணி துரை மை காயும்வரை அந்தப் பக்கத்தை மூடாமல் நின்றார்.