மணி அடிக்காத இயந்திரம்

திரவியத்துக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். 1968இல் திருவனந்தபுரம் வந்து ஒரு ரப்பர் கம்பெனியில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தான். பெரிய இரும்புக் கலத்தில் ரப்பரை ஆவியில் வேகவைப்பார்கள். சூடு ஏறினால் வால்வைக் குறைக்க வேண்டும், இறங்கினால் கூட்ட வேண்டும். ஐந்து வருஷம் அதைக் கையாலேயே செய்தான்.

எழுபத்துமூன்றில் ஒரு புதுப் பெட்டி வந்தது. எஞ்சினியர் வெங்கடேஸ்வரன் அதைத் தடவிக்கொடுத்தபடி சொன்னார்: "இனி நீ ஒண்ணும் செய்யண்டாம் திரவியம். கலத்து மேல மாட்டியிருக்கிற இந்தக் குமிழ் சூட்டைப் பார்க்கும், பெட்டி வால்வைத் திருப்பும். தப்பைத் தானே திருத்திக்கும். சைபர்னெடிக்ஸ்னு பேரு. லோகமே இனி இதுதான்."

லோகம் எப்படியோ, திரவியத்தின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. சூடு கொஞ்சம் கூடினாலும் மணி அடித்துக் கலம் நின்றுவிடும். நின்றால் அவனுக்கு மெமோ. மூன்று மெமோ வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இரண்டு வந்துவிட்டன. வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது.

காய்ச்சல்காரனுக்குப் போடுவதுபோல் அவன் அந்தக் குமிழுக்குத் தன் தோள்துண்டான தோர்த்தை நனைத்துச் சுற்றினான். மணி அடங்கியது. அப்பாடா என்றிருந்தது. குமிழுக்குக் குளிர்ந்தால் பெட்டி இன்னும் ஆவியைத் திறக்கும் என்பது அவனுக்கு எட்டவில்லை. அதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவுமில்லை.

பன்னிரண்டாம் நாள் மதியம் தோர்த்தை நனைத்துச் சுற்றிவிட்டு, பக்கத்து எந்திரத்து ராஜையனிடம், "ஒண்ணு நோக்கிக்கோ, சோறு உண்டுட்டு வாறேன். மணி அடிச்சா விளி" என்று சொல்லிப் போனான். மணி அடிக்கவில்லை. கலத்தின் மூடிதான் பறந்தது. ஆவியை வெளியே விடவேண்டிய பாதுகாப்பு வால்வு வருஷக்கணக்காகத் துருப்பிடித்து அடைபட்டுக் கிடந்தது. அதற்கு மட்டும் யாரும் மெமோ எழுதவில்லை.

முதலில் ஓடிவந்தவன் திரவியம். ராஜையன் வெந்து கிடந்தான். தோர்த்து தரையில் கிடந்தது. அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். தொழிலாளி தோளில் தோர்த்து கிடந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

விசாரணையில் பெட்டியைச் சோதித்தார்கள். குற்றமில்லை. "இது தானே திருத்திக்கும். மனுஷன்தான் கை வச்சிருக்கணும்" என்றார் வெங்கடேஸ்வரன். அப்போது அருகில் இருந்த மனுஷன் ராஜையன். பழி அவன் தலையில் விழுந்தது. வேலையில் இறந்தவன் வீட்டில் ஒருவருக்கு வேலை தருவது கம்பெனி வழக்கம். அதுவும் இல்லை என்றாகிவிட்டது. திரவியம் வாயைத் திறக்கவில்லை.

வேலை நிரந்தரமான வாரம் ராஜையனின் மனைவி சுசீலாபாய் கம்பெனி வாசலில் அவனுக்காகக் காத்து நின்றாள்.

"உள்ளதைச் சொல்லுங்க அண்ணே. அவங்க அதில கை வச்சாங்களா?"

சொல்லிவிடத்தான் வாயெடுத்தான்.

"வச்சிருப்பான்" என்று வந்தது.

அவள் கைகூப்பினாள். "அவங்க செஞ்ச தப்புக்கு உங்களுக்கு ஒண்ணும் வரலியே அண்ணே. கர்த்தர் காத்தாரு."