கண்டிகையில் நின்ற கார்

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நெல்லூரிலும் சேலத்திலும் லாரி ஷெட்டுகளில் படுத்து எழுந்து வேலை கற்றேன். எழுபதுகளின் கடைசியில் திருத்தணியில் ஒரு ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தேன். அங்கே நான் சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு டிரைவரின் வேலை போனது.

அவர் ஒரு தறி முதலாளியின் பழைய காரை ஓட்டினார். ஆந்திரா பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர். நான் அவரை நைனா என்பேன். அவர் என்னைக் கேலியாகப் பாவா என்பார், தெலுங்கில் மச்சான். கே.ஜி.கண்டிகையைத் தாண்டியிருந்த தறிக்காரர்களுக்குக் காரில் நூல் கட்டுகள் கொண்டுபோவது அவர் வேலை. ஆயுத பூஜை முடிந்த சில நாளில் தொல்லை தொடங்கியது. சில நாள் கார் ஒழுங்காக ஓடும். சில நாள் கண்டிகை வந்ததும் திணறி நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். நின்ற இடத்தில் ஒரு டீக்கடை இருந்ததுதான் வினை.

“ஏன்யா, காருக்கும் டீ கேக்குதா?” என்றார் தறி முதலாளி, ஷெட்டில் எல்லார் முன்னாலும். “தறிக்காரன் நூலுக்குக் காத்துகினு கீறான். நீ பெஞ்சுல குந்திகினு கீற.”

“சத்தியமா நிக்குதுங்க,” என்றார் நைனா. “பாவா, நீயாவது பாத்துச் சொல்லு.”

மூன்று நாள் பார்த்தேன். பாயிண்ட் தேய்த்தேன், கண்டன்சர் மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றி ஊதினேன். பெட்ரோல் முள் வேலை செய்யாத வண்டி அது. அதனால் ஓட்டிப் பார்க்குமுன் டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டு அளப்பேன். திரும்பி வந்து மறுபடி அளக்க வேண்டுமே என்று மூடியை அரைகுறையாகத் திருகிவிட்டுக் கண்டிகை வரை போய் வருவேன். ஒரு முறைகூட நிற்கவில்லை.

“மாமியாரக் கண்ட மருமக மாதிரி, உன்னப் பாத்தா அடங்கிப் பூடுது பாவா,” என்றார் நைனா. சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

முதலாளி என்னிடம் கேட்டார்: “கோளாறு வண்டிலயா, ஆளுலயா?”

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “வண்டில ஒண்ணும் இல்லீங்க,” என்றேன். நைனா சாவியை மேசையில் வைத்துவிட்டு நடந்தார்.

பிறகு முதலாளியின் மச்சான் காரை ஓட்டினான். இரண்டாம் வாரம் கண்டிகையில் நின்றது. மச்சான் சொன்னதை முதலாளி உடனே நம்பினார். மறுநாள் நானும் கூட ஏறினேன். மச்சான் அவசரப்படுத்தியதில் பெட்ரோலை அளக்காமலே கிளம்பினோம். டீக்கடை எதிரில் நின்றது. இறங்கி மூடியைத் திறந்தேன். உஸ் என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது.

மூடியில் குண்டூசி முனையளவு ஓட்டை ஒன்று உண்டு. அதன் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பம்பு பெட்ரோலை இழுக்கும். அந்த ஓட்டைமேல் சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது, நடுவில் குங்குமம். ஆயுத பூஜையன்று ஷெட்டில் நின்ற வண்டிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தவன் நான். “வண்டி வாய்க்கும் ஒண்ணு” என்று கட்டைவிரலால் அழுத்தி வைத்தேன். பூஜைப் பொட்டை யாரும் துடைப்பதில்லை. மூன்று நாளும் அதைத் தொட்டுத்தான் மூடியைத் திருகினேன். சாமி காரியம் என்று கண்ணில் படவில்லை. அரைகுறையாகத் திருகிய மூடியின் இடுக்கில் காற்று போனதால்தான் என் கையில் வண்டி நிற்கவில்லை.

ஊசியால் குத்திவிட்டேன். முதலாளியிடம், “கார்புரேட்டர்ல தூசிங்க. இப்பப் புதுசா அடைச்சது,” என்றேன். புதிது என்று சொன்னால்தானே முன்பு நான் சொன்னது நிற்கும். கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டினார்.

இரண்டு மாதம் கழித்து அரக்கோணம் ஸ்டேஷனில் நைனாவைப் பார்த்தேன். பார்சல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்.

“அந்த வண்டி இப்ப எப்டி கீது பாவா?”

“ஓடுது நைனா. கார்புரேட்டர்ல தூசி இருந்துச்சு.”

“ஆங்! நான் அப்பவே சொல்லல?” மூட்டையை இறக்கி வைத்தார். “முதலாளி கைல அத ஒரு வார்த்த சொல்லிடு. வேல கேட்டு வரமாட்டேன். பொய் சொன்னவன்னு அவரு நெனச்சிகினு இருக்க வேணாம்.”

சொல்கிறேன் என்றேன். முதலாளி வீடு ஷெட்டிலிருந்து நாலு கடை தள்ளி. மூன்று நாள் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன். நான்காம் நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு கூடூர் பஸ் ஏறினேன். ஏன் போகிறாய் என்று ஷெட்டில் யாரும் கேட்கவில்லை. ஓரிடத்தில் நிற்காதவன் என்று அவர்களுக்குத் தெரியும்.