கிருபைரட்ணமும் பதினொரு சேர்வர்களும்

கிருபைரட்ணம் அண்ணையை ஒரு விஷயத்தில் நம்ப வைப்பதற்குள் உயிர் போய்விடும். மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால், கடைக்காரரின் கண் முன்னாலேயே ஒன்றைப் பிளந்து பார்ப்பார். பூச்சி இல்லாவிட்டால் சந்தேகம் இன்னும் கூடும்; மருந்து அடித்திருக்கிறார்கள் என்பார்.

நான் தேவமலர். மருதனார்மடம் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் நோயாளர் பதிவேடுகளைப் பார்க்கிறேன். அவர் அங்கே கணினிப் பொறுப்பாளர். இருவருக்கும் ஒரே அறை, நடுவில் ஓர் அலுமாரி. பத்தொன்பது வருடமாக அந்த அலுமாரியைத் தாண்டி அவருடைய சந்தேகங்கள் என் காதில் விழுகின்றன.

பதினொரு சேர்வர்கள் அவர் பொறுப்பில். எல்லாவற்றிலும் ஓடுவது ரெட் ஹற் லினக்ஸ் என்ற இயங்குதளம். எதை மாற்றினாலும் ஒரு தடித்த கொப்பியில் எழுதுவார். புதிய சேர்வர் வந்தால் கொப்பியைத் திறந்து, எழுதியதை வரிவரியாகத் தட்டுவார்; முடிந்த ஒவ்வொரு வரிக்கும் சிவப்புப் பேனையால் ஒரு சரி. உலகத்தில் அவர் முழுதாக நம்பியது அந்தக் கொப்பியை மட்டும்தான்.

இந்த ஆவணியில் உதயகலாவின் வேலை போகிற நிலைமை வந்தது. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். வாசலில் கைரேகை மெசின் இருக்கிறது. எட்டு மணிக்குப் பிறகு விரல் வைத்தால் பிந்தியதாகப் பதியும். மாதக் கடைசியில் அந்தப் பட்டியலை அச்சடித்துக் கொடுப்பவர் எங்கள் அண்ணை. பண்டத்தரிப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் உதயகலாவின் பெயர் மூன்று வருடமாக அதில் இல்லாத மாதம் இல்லை. எட்டு இரண்டு, எட்டு மூன்று. இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் போய்விட்டன. மூன்றாவது கடிதம் வரும் வெள்ளிக்கிழமை. அது கைக்கு வந்தால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

திங்கட்கிழமை அவள் எங்கள் அறைக்கு வந்து கைத்தொலைபேசியை நீட்டினாள்.

"மெசின்தான் பிழை, சேர். நான் விரல் வைக்கேக்கை என்ரை போனிலை ஏழு ஐம்பத்தேழு."

அண்ணை போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "போனிலை நேரத்தை ஆரும் மாத்தலாம், பிள்ளை. என்ரை சேர்வரிலை ஒருத்தரும் கை வைக்க ஏலாது. வேளைக்கு வெளிக்கிட்டு வாரும்."

அவள் முகம் செத்துப்போயிற்று. நான் பதிவேட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை நிஷானி வந்தாள். மருத்துவமனைப் பணிப்பாளர் ஒழுங்கு செய்த நிறுவனத்தின் பொறியியலாளர். எல்லாச் சேர்வர்களையும் ஒரே இடத்திலிருந்து ஒழுங்கில் வைக்கும் அன்சிபிள் என்ற மென்பொருளை நிறுவ வந்திருந்தாள். சேர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒருதரம் எழுதி வைத்தால், அது பதினொன்றையும் தானே போய்ப் பார்த்துச் சரிசெய்யும். தன்னை வீட்டுக்கு அனுப்பப் போடும் திட்டம் இது என்று அண்ணை ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளுடைய அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். அவளுடைய அலுவலகத்துக்கு அழைத்து, அட்டையில் இருந்த இலக்கத்தை வாசித்துக் காட்டினார். பிறகு ஒரு கதிரையை இழுத்து அவளுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார்.

"உது எங்கையிருந்து இறங்குது?"

"ரெட் ஹற் களஞ்சியத்திலை இருந்து, சேர். அவை போட்ட மின்கையொப்பம் சரியோ எண்டு பாத்துத்தான் இறக்கும்."

"கையொப்பத்தை ஆர் பாக்கிறது?"

"அதே மெசின்தான்."

"கள்ளனே தன்னைச் சோதிக்கிறானாக்கும்," என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

நிறுவி முடிந்ததும், பதினொரு சேர்வர்களின் பெயர்களையும் ஒரு கோப்பில் எழுதித் தரச் சொல்லி அவள் கேட்டாள். அவருக்குப் பொறுக்கவில்லை. "எல்லாப் பேரையும் ஒரு கடதாசியிலை எழுதிக் குடுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை, பிள்ளை," என்றார். யுத்த காலத்தில் பெயர்ப் பட்டியல்கள் என்ன செய்தன என்று கண்ட எங்கள் வயதுக்காரர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. நிஷானிக்கு விளங்கியதோ தெரியாது. ஆனால் அவள் சிரிக்கவில்லை, அவராக எழுதும்வரை காத்திருந்தாள். அடுத்தது, பதினொன்றுக்கும் உள்ளே போக, சாவி போல ஒரே திறப்பு வேண்டும் என்றாள். அவர் பதினொரு முறை கடவுச்சொல்லைத் தட்டினார், பதினொரு முறையும் மற்றக் கையால் மறைத்துக்கொண்டு.

"இனி ஒருக்கா ஓட விட்டுப் பாப்பம். இது ஒண்டையும் மாத்தாது, சேர். எது பிழையாக் கிடக்கு எண்டு மட்டும் சொல்லும்."

திரையில் பச்சை வரிகள் இறங்கின. பத்துச் சேர்வர்களும் ஒழுங்கு. அண்ணைக்கு அதில் பெருமை, கழுத்து நிமிர்ந்தது. பதினோராவதில் ஒரு மஞ்சள் வரி வந்தது. அது கைரேகைப் பதிவு இருக்கும் சேர்வர்.

"பாத்தீரே? உம்மடை சாமான் கை வைச்சிட்டுது!"

"இல்லை, சேர். இதிலை இணையத்திலை சரியான நேரம் பாக்கிற சேவையை ஆரோ நிப்பாட்டிப் போட்டு, கையாலை நேரம் வைச்சிருக்கினம். ஆறு நிமிசம் முந்தி நிக்குது."

அவர் எழுந்துவிட்டார். வெளியிலிருந்து யாரோ புகுந்துவிட்டார்கள் என்றார். பிறகு நிஷானியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு திடீரென்று, "உதயகலா! அவள்தான் ஆரையோ பிடிச்சுச் செய்விச்சிருக்கிறாள்," என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணை, அவள் செய்விச்சா நேரத்தைப் பின்னுக்கெல்லோ வைச்சிருப்பாள்?"

அவர் கதிரையில் திரும்ப உட்கார்ந்தார். கொப்பியை எடுத்து ஒற்றைகளைப் புரட்டத் தொடங்கினார். கனநேரம் புரட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். அவருடைய கையெழுத்துத்தான். எட்டு வருடத்துக்கு முன்பு இருந்த பணிப்பாளர், காலைச் செபத்துக்கு ஆட்கள் பிந்துகிறார்கள் என்று சேர்வர்கள் உட்பட மணிக்கூடுகளை எல்லாம் இரண்டு மாதத்துக்கு ஆறு நிமிடம் முந்தி வைக்கச் சொல்லியிருந்தார். அப்போது கைரேகை மெசினே இல்லை. எல்லோரும் புத்தகத்தில் கையெழுத்து வைத்த காலம். இரண்டு மாதம் கழித்து நேரத்தைத் திருப்பி வைத்ததை மட்டும் அண்ணை கொப்பியில் எழுதியிருக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் கைரேகைக்கென்று புதிய சேர்வர் வந்தபோது, அண்ணை வழக்கம்போலக் கொப்பியைப் பார்த்து வரிவரியாகத் தட்டியிருக்கிறார். அந்த வரிக்குப் பக்கத்திலும் சிவப்புச் சரி.

மெசின் முந்தி ஓடுவது எங்களில் பலர் கண்டதுதான். வீட்டு மணிக்கூடு ஐந்து, பத்து நிமிடம் முந்தி நிற்பது இங்கே வழக்கம். என் வீட்டில் பத்து. அதை யார் பிழையென்று சொன்னார்கள்? மெசினுக்கு ஏற்றபடி நாங்கள் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் முந்தி வந்தோம். பஸ் அப்படி வராதே.

"சேர், இனித் திருத்த ஓட விடட்டே? ஒரு செக்கனிலை நேரம் திருந்தியிடும்," என்றாள் நிஷானி.

கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஓம் என்றால் போதும், எல்லாம் முடிந்துவிடும். நேரம் திருந்தும், அடையாளம் இருக்காது, உதயகலா வெள்ளிக்கிழமை போய்விடுவாள். இவருக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். உண்மையைச் சொன்னால், அந்த நேரம் நான் அவரைத்தான் சந்தேகப்பட்டேன்.

"நிப்பாட்டும்," என்றார் கடைசியில். "இப்ப திருத்தக் கூடாது. திருத்திப்போட்டுச் சொன்னா ஆர் நம்புவினம்? பணிப்பாளர் வந்து தன்ரை கண்ணாலை பாக்கட்டும்."

பணிப்பாளர் வந்தார், தன் போனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார், கொப்பியை வாசித்தார். அண்ணைக்கு விழுந்த ஏச்சை நான் எழுதப் போவதில்லை. அன்று பின்னேரமே பழைய பட்டியல்களில் ஆறு நிமிடத்தைக் கழித்துப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் உதயகலா உண்மையாகப் பிந்தியது நான்கு நாள். நான்கும் மழை நாட்கள். மூன்றாவது கடிதம் கிழிபட்டது.

அவளிடம் தானே சொல்ல வேண்டும் என்று அண்ணை பிடிவாதமாக நின்றார். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவள் இரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, நீர் சொன்னதுதான் சரி. நேரம் பிழை. அந்தப் பிழை என்ரை. என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

அவள் அழுவாள், அல்லது பேசுவாள் என்று நினைத்தேன். கையிலிருந்த குழாயை மெதுவாகத் தட்டில் வைத்தாள்.

"நீங்கள் என்னை நம்பாததைக்கூட விடலாம், சேர். நான்தான் பிந்தி வாறனாக்கும் எண்டு நானே நம்பத் தொடங்கியிட்டன். போன மாசம் டொக்டரிட்டைப் போய், எனக்கு ஏதும் மறதி வருத்தமோ எண்டு கேட்டனான்."

உதயகலா அடுத்த குழாயை எடுத்தாள். அவள் கடைசிக் குழாய்க்கும் பெயர் ஒட்டி முடிக்கும்வரை அண்ணை கூடத்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.