யாரும் முந்தாத மேசை

மைசூரில் நாங்கள் ஒரு மேசை செய்தோம். கால் நாலும் மரம்தான். மேலே பலகைக்குப் பதிலாகப் படுக்க வைத்த பெரிய தொடுதிரை. சுற்றி நாலு பேர் உட்காரலாம். தமிழ் தெரிந்தவர்கள் கன்னடம் கற்க வேண்டும், கன்னடம் தெரிந்தவர்கள் தமிழ் கற்க வேண்டும். வாத்தியார் கிடையாது. பத்து வயதும் எழுபது வயதும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். திட்டம் போடும்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

திரையில் என்ன வரவேண்டும், எங்கே தொட்டால் என்ன நடக்கவேண்டும் என்று வரைந்து கொடுப்பது என் வேலை. நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், ஆபீசில் இரண்டையும் விழுங்கி ஏப்பம் விட்ட ஆங்கிலம். கம்பெனி பெங்களூரில் இருந்தது. மேசையை வைத்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்றார்கள். அக்ரஹாரத்தில் ஒரு சின்ன வாசகசாலையின் பின்னறையைக் கேட்டு வாங்கினேன்.

முதலில் வந்தவர் மின்சார இலாகாவில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கன்னடக்காரர். வந்ததும் உட்காரவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் ஒயர்களைப் பார்த்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று கேட்டு, நான் தலையாட்டியதை நம்பாமல் தானே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அவர் தமிழ் கற்க வந்ததற்கு ஒரே காரணம் ஆறு வயதுப் பேத்தி. மகன் திருப்பூரில் வேலை, மருமகள் அந்த ஊர்ப் பெண், பேத்திக்குத் தமிழ் மட்டும்தான். வாராவாரம் போனில் அவர் "சாப்ட்டியா?" என்பார். அவள் "ம்" என்பாள். அதோடு அவருடைய தமிழ் தீர்ந்துவிடும், அவள் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுவாள். கோடை லீவுக்கு அவள் மைசூர் வருகிறாள். அதற்குள் அவளோடு நாலு வார்த்தை பேசிவிட வேண்டும். "அவளுக்கு என்மேல் பயமில்லை, நான் பேச்சு வராத ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்" என்று கன்னடத்தில் என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை, அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

அடுத்த இரண்டு பக்கங்களுக்கு ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். அந்தியூர்ப் பக்கத்துக்காரர்கள். கணவருக்குக் கட்டடங்களில் சென்ட்ரிங் வேலை, அந்த அம்மாவுக்கு ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல். மகள் இங்கே கன்னடப் பள்ளியில் ஐந்தாவது படித்தாள். அம்மாவுக்குத் தமிழ் மட்டும், மகளுக்கு இரண்டும் கலந்த ஒரு சாம்பார். நாலாவது பக்கம் காலியாக இருந்ததால் நானே உட்கார்ந்துகொண்டேன்.

பெங்களூரில் ஆபீஸ் பையன்களை வைத்து இந்த மேசையைச் சோதித்தபோது எல்லாரும் முட்டி மோதினார்கள். யார் முதலில் தொடுகிறாரோ அவருக்கு முறை என்று வைத்திருந்தோம். கையைத் தட்டிவிட்டுத் தொட்டார்கள். அதனால் அவசரக்காரர்களை அடக்க என்னென்னவோ செய்தோம். இரண்டு தரம் தொட்டால் பூட்டிக்கொள்ளும், அடுத்தவர் பக்கம் கை நீட்டினால் சிவப்பு விழும். பறிக்கிறவர்களைச் சமாளிக்க அத்தனை பாதுகாப்பு.

அக்ரஹாரத்தில் யாரும் தொடவே இல்லை.

திரையில் ஒரு காய்கறிக் கடை வந்தது. லைன்மேன் கையை மடியில் வைத்துக்கொண்டு, "நீவு மொதலு" என்றார் அந்த அம்மாவிடம். பெண்பிள்ளைகள் இருக்கும்போது தான் முந்துவதா? அந்த அம்மா நாற்காலியில் நுனிக்கு வந்துவிட்டார். "பெரியவங்க இருக்கறப்ப நாம எப்படிங்க? நீங்க மொதல்ல தொடுங்க அய்யா." மகள் விரலை நீட்டினாள்; அம்மா தொடையில் கிள்ளினார். பெரியவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூப்பிட்டு உட்கார வைத்தவள், விருந்தாளிக்கு முன்னால் நான் எப்படி இலையில் கை வைப்பேன்? "இல்லை இல்லை, நீங்க" என்றேன். நாங்கள் நாலு பேரும் மரியாதை செய்துகொண்டிருக்க, கொஞ்ச நேரத்தில் திரை மங்கித் தூங்கிப்போனது.

இப்படியே பல நாள். தப்பித்தவறி முறை வந்தாலும் லைன்மேன் அதைச் சிறுமிக்குத் தள்ளிவிடுவார். அவள் தமிழில் பதில் சொல்வாள், அவர் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். அவருடைய நாக்கு மட்டும் "சாப்ட்டியா"வைத் தாண்டவில்லை. மார்ச் வந்துவிட்டது. பேத்தி வர இன்னும் ஒரு மாதம்தான்.

கம்பெனியில் சொன்னபோது, டைமர் வை, தொடாவிட்டால் மணி அடிக்கட்டும் என்றார்கள். வைத்தோம். லைன்மேன் முறை என்று அவர் பக்கத்தில் விளக்கு எரிந்தது, அவர் வழக்கம்போலப் புன்னகைத்தார், மணி அடித்தது. அந்த அம்மா சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். "மன்னிச்சுக்கோங்க அய்யா, அது பாட்டுக்குக் கத்துது" என்றார், ஏதோ தன் வீட்டுப் பிள்ளை பெரியவரை எதிர்த்துப் பேசிவிட்ட மாதிரி. என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்று மாலையே மணியைப் பிடுங்கிப் போட்டேன். பெங்களூர்க்காரர்கள் காரணம் கேட்டபோது, இங்கே வந்து உட்கார்ந்து பாருங்கள், தெரியும் என்று சூடாகவே சொன்னேன்.

வழி கிடைத்தது வேர்க்கடலையில். ஒருநாள் அந்த அம்மா வேலை முடிந்து வரும்போது அவித்த கடலை கொண்டுவந்தார். பேப்பரைப் பிரித்து நடுவில் கொட்டினார். எல்லார் கையும் ஒரே நேரத்தில் உள்ளே போனது. லைன்மேன் உரித்துச் சிறுமியிடம் தந்தார், அவள் தோலை அவர் பக்கம் தள்ளினாள். "நீங்க மொதல்ல" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தனித்தனி இலை போட்டால்தான் முதலாவது, இரண்டாவது எல்லாம். குவியலுக்கு அது கிடையாது. கடலை வாயில் இருக்க நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "என்னங்க, உப்புப் பத்தலியா?" என்றார் அந்த அம்மா.

முறை என்பதையே எடுத்துவிட்டேன். நாலு பேரும் ஒன்றாக உள்ளங்கையைத் திரையில் வைத்தால்தான் பாடம் திறக்கும். திறந்தால் ஒரு படம் நாலு துண்டாக வரும், ஆளுக்கு ஒரு துண்டு. பக்கத்தில் இருப்பவரிடம் என்ன இருக்கிறது என்று அவர் மொழியில் கேட்டுத்தான் சேர்க்க முடியும். யாரும் முந்த வேண்டாம், யாரும் ஒதுங்கவும் முடியாது. கம்பெனியில் இது கற்பிக்கிற முறையே இல்லை என்று ஒருவர் வாதாடினார். இருக்கட்டும் என்றேன்.

லைன்மேன் மாட்டிக்கொண்டார். சிறுமியிடம் இருந்த துண்டு இல்லாமல் அவருடைய பஸ்ஸுக்குச் சக்கரம் வராது. "உன்... கிட்ட... சக்கரம் இதெயா?" என்று வியர்க்க வியர்க்கக் கேட்டார். "அய்யோ தாத்தா, ஹாகல்ல, அப்படி இல்ல, 'இருக்கா'ன்னு கேளுங்க" என்று அவள் திருத்துவாள். அந்த அம்மா கன்னடத்தில் எதையாவது கேட்டுவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். லைன்மேன் புரியவில்லை என்பார். அந்த அம்மா மறுபடி சொல்வார். சிறுமியின் வேகத்துக்கு இரண்டு பேருமே ஈடுகொடுக்க முடியாமல் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்த அறையில் அவ்வளவு சத்தம் வந்ததில்லை. முன்னறையில் பேப்பர் படிப்பவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த மாதம் நான் வேலைக்குப் போன மாதிரியே இல்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

ஏப்ரலில் பேத்தி வந்தாள். அவர் அவளையும் மருமகளையும் மேசையைக் காட்ட அழைத்துவந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். அந்தக் குழந்தை அம்மாவின் துப்பட்டாவுக்குள் பாதி ஒளிந்திருந்தாள். "வா கண்ணு, இது தாத்தா படிக்கிற இடம்" என்றார் தமிழில். மேசையில் இருந்த நாங்கள் மூவரும் எழுந்து நின்றோம். குழந்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, யாரோ மடையைத் திறந்துவிட்ட மாதிரி, தன் வீட்டு வேலியைப் பற்றியும் அதில் இருக்கும் எதையோ பற்றியும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள்.

அவருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பழக்கதோஷத்தில் மருமகள் பக்கம் திரும்பினார். மருமகளும் தனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் சொல்ல வாயெடுத்துவிட்டாள். எனக்கும் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் அவரே குழந்தை பக்கம் திரும்பிவிட்டார்.

"மெதுவா சொல்லு கண்ணு. தாத்தாக்குப் புரியல. இன்னொரு தடவை சொல்லு."

நாங்கள் எந்தப் பாடத்திலும் வைக்காத வாக்கியம் அது. மேசையில் அவரும் அந்த அம்மாவும் சிறுமியிடம் தினமும் கெஞ்சியது.

குழந்தை யோசித்தாள். துப்பட்டாவை விட்டுவிட்டு இரண்டடி முன்னால் வந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"எங்க... வீட்டு வேலியில... ஒரு ஓணான்... இருக்கு."

"ஓணான்னா?"

அவள் கழுத்தை நீட்டித் தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினாள். அவர் ஒரு நொடி பார்த்தார். பிறகு அவரும் கழுத்தை நீட்டி ஆட்டினார். அவள் கிறீச்சென்று சிரித்தாள்.

"அப்புறம்?" என்றார் தரையில் உட்கார்ந்துகொண்டு.

அவள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, மெதுவாக, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.