வீட்டுக்காரர் வாங்கி வந்த உலர் திராட்சை

கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் திராட்சைத் தோட்டம். கல்யாணமாகி வந்ததிலிருந்து பந்தலுக்கு அடியில்தான் எனக்கு வேலை. ஆனால் ஒரு பழம் வாயில் போடக் கூடாது, ஆஸ்துமா. திராட்சை குளிர்ச்சி, தயிர் குளிர்ச்சி, வாழைப்பழம் குளிர்ச்சி. என் மாமியாரைக் கேட்டால் அடுப்பைத் தவிர எல்லாமே குளிர்ச்சிதான். "வேணாத்தா, பொறவு இழுக்கும்" என்று கையில் இருப்பதையும் வாங்கி வைத்துவிடுவார். பாசத்தின் மேல் எரிச்சல் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

என் முகம் வாடுவதை வீட்டுக்காரர் கவனித்திருக்கிறார். தேனிக்குப் போகும்போதெல்லாம் கடைவீதியில் உலர் திராட்சை வாங்கி வர ஆரம்பித்தார். பொன்னிறத்தில் பளபளவென்று இருக்கும்.

"இது காஞ்சது, குளிர்ச்சி கெடையாது. அம்மாவும் சரின்னுட்டாக."

தோட்டக்காரர் பெண்டாட்டி கடைத் திராட்சை தின்கிறாள் என்று ஊரே சிரிக்கும். நான் ஒளித்து வைத்துத் தின்றேன். தின்ற கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இறுகும். பழியெல்லாம் மத்தியானம் குடித்த மோர் மேல் விழும். மோரும் நின்றது, இழுப்பு நிற்கவில்லை.

தேனியில் பார்த்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "கொறிக்க என்ன சாப்பிடுவீங்க?" பையிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் காட்டினேன். நிறம் கறுக்காமல் இருக்கக் கந்தக மருந்து போடுவார்களாம். ஆஸ்துமாக்காரர் சிலருக்கு அது ஆகாதாம். "இதை மட்டும் நிறுத்திப் பாருங்க. மருந்தை விடாதீங்க. மத்ததை எல்லாம் பயந்து ஒதுக்காதீங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் வீட்டுக்காரர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். சின்னமனூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"நானேவா வாங்கியாந்து குடுத்தேன்?"

"தெரிஞ்சா குடுத்தீக? ஆசையாக் குடுத்தீக, ஆசையாத் தின்னேன்" என்றேன்.

பொட்டலம் நின்றது. இழுப்பும் மெல்ல அடங்கியது. தோட்டத்துப் பழத்தைச் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன மறுநாள், வீட்டுக்காரரே ஒரு கொத்து பறித்து, தேய்த்துத் தேய்த்துக் கழுவித் தட்டில் வைத்தார். எதிரில் உட்கார்ந்து என் இன்ஹேலரைக் கையில் பிடித்துக்கொண்டார். மாமியார் வாசற்படியை விட்டு நகரவில்லை.

ஒன்று போட்டேன்.

"இழுக்குதா?"

"சும்மா இருங்க, ருசி தெரியல."

கொத்து காலியான பிறகுதான் அவர் நன்றாக மூச்சு விட்டார்.