சீ, சீ என்ற அம்பாசிடர்

இந்தத் தீவில் கடிகாரத்தை நம்பிச் சோறு வடிக்க முடியாது. விடிகாலை ஐந்தடிக்கும் முன்பே வெயில் முகத்தில் விழும். சாயங்காலம் ஐந்தரைக்கு விளக்கேற்றிவிடுவோம். முள் சுற்றுவது மெயின்லேண்டுக் கணக்கில், பசி எடுப்பது எங்கள் கணக்கில். வந்து இருபது வருஷம் ஆகியும், பதினோரு மணிக்கு மத்தியானச் சோறு போடும்போது ஏதோ திருடித் தின்பதுபோல எனக்குக் கூச்சம் வரும். நான் தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரைக்காரி. என் வீட்டுக்காரர் படகுத் தச்சராகப் போர்ட் பிளேருக்கு வந்தார். அவர் பின்னாலேயே நானும் வந்தேன். அரசாங்க விருந்தினர் விடுதியில் எனக்குச் சமையல் வேலை. என் கைக் குழம்பை இன்றுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. ஒரே ஒருவர் சொன்னதாக நினைத்தேன். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் விடுதி ஓவர்சியர் ஓடி வந்தார். மதுரைக்காரர், எதற்கும் ஓட்டம்தான். "செபஸ்தியம்மா, நாளைக்குக் கப்பல்ல அம்பாசிடர் வருது! பின்னாடி கொட்டகையில இருக்கிற விறகையெல்லாம் வெளிய எடுக்கச் சொல்லு, வண்டி நிக்க எடம் வேணும்." விறகை எடுத்துக் கூட்டிப் பெருக்கி வைத்தோம். மறுநாள் கப்பலிலிருந்து கார் இறங்கவில்லை. கறுப்புக் கோட்டு போட்ட குட்டையான மனிதர் ஒருவர், கையில் சின்னப் பெட்டியோடு இறங்கினார். அம்பாசிடர் என்றால் தூதராம். தென் அமெரிக்காவில் ஒரு மலைநாட்டுக்காக டெல்லியில் இருப்பவராம். அவர் நாட்டுக்குக் கடலே கிடையாது, அதனால்தான் கடலைப் பார்க்க வந்திருக்கிறார் என்று எங்கள் பங்கு பாதர் சொன்னபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கடல் இல்லாமல் ஒரு நாடா? அங்கே மனுசர் எந்தப் பக்கம் பார்த்து நிற்பார்கள்?

முதல் நாள் சூரைமீன் குழம்பு வைத்தேன். நன்றாக இருக்கிறதா என்று கையைக் காட்டிக் கேட்டேன். அவர் தலையை ஆட்டி, "சீ, சீ" என்றார். தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். மறுநாள் வெறும் கஞ்சியும் துவையலும் வைத்தேன். அதற்கும் "சீ." மூன்றாம் நாள் பாதர் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் சாமி, பெரிய மனுசன்னா வாயில நல்ல வார்த்தையே வராதோ? எங்க கொழம்பப் பாத்துச் சீ சீங்காவ!"

பாதர் கோவாக்காரர், போர்ச்சுகீஸ் தெரிந்ததால் அந்த மனிதரின் பாஷை அவருக்குப் புரியும்; எங்களிடம் பேசுவதில் பாதி தமிழ், பாதி ஹிந்தி. விழுந்து விழுந்து சிரித்தார். "அரே செபஸ்தியம்மா! அவர் பாஷையில 'சீ'ன்னா 'ஹான்', ஆமா! நீ கேட்டே, நல்லா இருக்கா; அவர் சொன்னார், ஆமா. நீ பாவம் அவரைப் பட்டினி போட்டே!"

எனக்கு உடம்பெல்லாம் குறுகிப்போயிற்று. அன்றைக்கு மீன் பொரித்துப் பக்கத்திலேயே நின்று பரிமாறினேன். பாதர் கேட்டுக் கேட்டுச் சொல்ல, அந்த மனிதரின் கதை தெரிந்தது. சுரங்கத்தில் மண் சுமந்தவரின் மகன். சுரங்கக்காரர்களுக்காகப் பேசி இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனவர். பிறகு மந்திரியானார். கூட இருந்தவர்களுக்கே அவர் பேச்சு பயமாக இருந்ததால், தூதர் பட்டம் கட்டித் தூரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். "மரியாதையான காலாபானி, நாடுகடத்தல்தான்" என்றார் பாதர். மனைவி இல்லை. ஒரே மகள், அங்கே காலேஜில் படிக்கிறாள்.

நான்காம் நாள் காலையில் தந்தி வந்தது. அவர் நாட்டில் பட்டாளத்தார் அரசாங்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். புது அரசாங்கத்தை ஏற்றுக்கொண்டால் வேலை இருக்கும். அன்று சாயங்காலத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். முந்தின நாள் வரை வாசலில் நின்ற ஜீப் அன்றைக்கு வரவில்லை. ஓவர்சியர்கூடத் தாழ்வாரத்துப் பக்கம் தலைகாட்டவில்லை. ராத்திரி படுக்கும்போது நாட்டுக்கே தூதராக இருந்தவர், காலையில் எழுந்தால் ஒரு பெட்டிக்குச் சொந்தக்காரர். இப்படியும் நடக்குமா? புயலில் படகு போய்ப் பார்த்திருக்கிறேன். நாடு போய்ப் பார்த்ததில்லை.

"ஆமான்னு எழுதச் சொல்லுங்க சாமி. புள்ள அவங்க கையில இருக்காள்ளா" என்று பாதரிடம் கெஞ்சினேன். பாதர் சொன்னார். அந்த மனிதர் என் பக்கம் திரும்பி, பாதர் வழியாக ஒரு கேள்வி கேட்டார். "நீ ஊரை விட்டு வந்து இத்தனை வருஷம் ஆச்சே, உன் ஊர் இன்னும் உன்னை வைத்திருக்கிறதா?"

வந்து நாலு வருஷம் கழித்து நான் ஊர்த் திருநாளுக்குப் போயிருந்தேன். கோயில் அசன விருந்தில் வீட்டுக்கு வீடு பேர் கூப்பிட்டுச் சோறு கொடுப்பார்கள். என் தகப்பனார் பேர் சொன்னார்கள், அண்ணன் பேர் சொன்னார்கள். சட்டியோடு எழுந்த என்னைப் பார்த்து உபதேசியார், "நீ விருந்தாளிம்மா, கடைசியில வா" என்றார். அந்தச் சட்டியின் கனம் இன்னும் கையில் இருக்கிறது.

ஆனால் வேற்று நாட்டார் முன்னால் அதை எப்படிச் சொல்வேன்? நிமிர்ந்து நின்று, "எங்க ஊரு என்னைய மறக்குமா? நான் போனா மொத சோறு எனக்குத்தான்" என்றேன்.

பாதர் அதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. காகிதத்தை இழுத்து எழுதினார். "நோ" என்ற ஒற்றைச் சொல். என் குழம்புக்கெல்லாம் சீ சொன்னவர் பட்டாளத்துக்குச் சீ சொல்லவில்லை என்று பாதர் முணுமுணுத்தார். போனவரை நாடு வைத்திருக்கும் என்று என் வாயிலிருந்து வந்த பொய்யை நம்பியா எழுதினார்? அந்த மகள் என்ன ஆனாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் மெட்ராஸ் கப்பலில் எனக்கும் சீட்டு இருந்தது, அண்ணன் மகள் கல்யாணத்துக்கு. கப்பல்துறை வரிசையில் எனக்கு முன்னால் அவர் நின்றார். எந்த நாடு என்று கிளார்க் கேட்டான். அவர் தன் நாட்டின் பேரை, ஒவ்வொரு எழுத்தும் விளங்கும்படி, தலை நிமிர்ந்து சொன்னார். பிறகு கிளார்க் என்னைப் பார்த்தான்.

"அம்மா, ஜாத்தா ஹை யா வாபஸ் ஜாத்தா ஹை?" இங்கிருந்து போகிறாயா, உன் ஊருக்குத் திரும்பிப் போகிறாயா?

அந்த மனிதரும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஜல்தி போலோ, அம்மா" என்று அவசரப்படுத்திப் பின்னாலிருந்து தள்ளினார்கள். கிளார்க் சலித்துக்கொண்டு, என் பேருக்கு நேராக அவனே ஏதோ ஒன்றை இங்கிலீஷில் எழுதிக்கொண்டான். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது.